ஆட்டக்காரரை எடைபோடுதல்: அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

2018ஆம் ஆண்டு ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் நடந்த அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். டிராஃப்டின், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியின், முதல் இரவில் ஐந்து இளம் குவாட்டர்பேக்குகள் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்கள்) தேர்வானார்கள். பேக்கர் மேஃபீல்டு முதலாவதாகவும், சாம் டார்னால்டு 3ஆவதாகவும், ஜாஷ் ஆலன் 7ஆவதாகவும், ஜாஷ் ரோசன் 10ஆவதாகவும், லமார் ஜாக்சன் 32ஆவதாகவும் எடுக்கப்பட்டனர். விடிவதற்குள் ரசிகர்கள் ஐவருக்கும் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். ஆலனுக்குக் கைவலு உண்டு, குறி கிடையாது. ஜாக்சன் நன்றாக ஓடுகிறார், அவரை வேறு இடத்தில் ஆடவிடலாம். எறியும் முறையில் ஐவரில் தேர்ந்தவர் ரோசன்தான். அந்த ரோசனை அரிசோனா அணி ஓராண்டிலேயே கைகழுவியது. ஜாக்சன் 2019இலும் 2023இலும், ஆலன் 2024இலும் லீகின் மிகமதிப்புள்ள வீரர் விருதைப் பெற்றார்கள்.

ரசிகர்களுக்கு விவரம் போதாது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது எளிது. அது சரியான முடிவு ஆகாது. கல்லூரி வீரர்களை நேரில் பார்த்து அணிக்கு அறிக்கை எழுதும் முழுநேர ஊழியர்களான ஸ்கவுட்டுகளும் இதே ஐவர் விஷயத்தில் தடுமாறத்தான் செய்தார்கள். கடைசியில் ஜாக்சனை எடுத்த பால்டிமோர் அணியே அன்றிரவு 25ஆவது வாய்ப்பில் அவரை விட்டுவிட்டு வேறொருவரைத்தான் எடுத்தது. சிக்கல் அறிவின் அளவில் இல்லை. "நல்ல ஆட்டக்காரர்" என்ற ஒரே சொற்றொடருக்குள் தனித்தனியான சில கேள்விகளைத் திணித்து, அவற்றுக்கு ஒரே விடையைத் தேடுவதில் இருக்கிறது.

பந்தியும் சமையற்கட்டும்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த ஒருவர், சோறு குழைந்துவிட்டது, சாம்பார் ஆறிவிட்டது என்கிறார். அதுவரை அவர் சொல்வதில் பிழையில்லை. இலையில் இருப்பதைத்தான் சொல்கிறார். "சமையல்காரர் மட்டம்" என்று அடுத்த வார்த்தை வரும்போதுதான் அவர் தாம் பார்க்காத இடத்துக்குள் போகிறார். சோறு குழைந்ததற்கு மளிகைக்காரர் அனுப்பிய புது அரிசி காரணமாக இருக்கலாம். சாம்பார் ஆறியதற்குப் பரிமாறுகிறவர்கள் போதாமல் போனது காரணமாக இருக்கலாம். அதே சமையல்காரரை வேறு ஊரில், வேறு உதவியாளர்களோடு தம் வீட்டுக் கல்யாணத்துக்கு அமர்த்தலாமா என்பது அடுத்த கேள்வி. என்ன கூலிக்கு அமர்த்தலாம் என்பது அதற்கும் அடுத்தது.

ஆட்டக்காரரை எடைபோடுவதிலும் கேள்விகள் இவைதான். களத்தில் நடந்ததில் அவருடைய பங்கு எவ்வளவு? இடமும் ஆட்களும் மாறினால் அவர் என்ன செய்வார்? அதற்கு எவ்வளவு கொடுக்கலாம்? சண்டை போடும் இரு ரசிகர்களில் ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் மூன்றாவது கேள்விக்கும் விடை சொல்லிக்கொண்டிருப்பது வழக்கமாக நடக்கிறது. அந்தச் சண்டை முடியவே முடியாது.

ஒரு பாஸ், பதினொரு பேர்

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு மிகச் சுருக்கமாக: ஒவ்வோர் அணியிலும் களத்தில் 11 பேர். பந்து கையில் உள்ள அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் தரப்படுகின்றன; ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். முயற்சியைத் தொடங்கி, பந்தை எறிவதா கொடுப்பதா என்று முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர் ரிசீவர். குவாட்டர்பேக்கின் மீது எதிரணி பாயாமல் தடுத்து நிற்கும் ஐவர் தடுப்பு வரிசை. ரிசீவரை ஒட்டியே ஓடி அவரிடம் பந்து சேராமல் பார்த்துக்கொள்ளும் எதிரணிக்காரர் கார்னர்பேக்.

இப்போது ஒரு முயற்சியை அருகிலிருந்து பார்ப்போம். மூன்றாவது டவுன், இன்னும் 7 யார்டு வேண்டும். குவாட்டர்பேக் பந்தை வாங்கிப் பின்னால் வருகிறார். தடுப்பு வரிசையின் வலது ஓரத்தில் நிற்பவர் காலை ஒரு கணம் தாமதமாக எடுத்து வைக்கிறார். எதிரணிக்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறார். முழுக் கையையும் வீசி எறிய நேரமில்லாத குவாட்டர்பேக், ரிசீவர் உள்பக்கம் திரும்பி வந்து நிற்கப்போகும் இடத்தைக் கணித்து முன்கூட்டியே எறிகிறார். ரிசீவரோ தமக்கு முன்னால் இருக்கும் தற்காப்பை வேறு விதமாகப் படித்து, திரும்பாமல் நேராக ஓடிவிடுகிறார். யாருமில்லாத இடத்துக்கு வந்த பந்தை எதிரணியின் கார்னர்பேக் பிடித்துவிடுகிறார். எதிரணி இப்படிப் பந்தைப் பறிப்பதற்கு இன்டர்செப்ஷன் என்று பெயர்.

பதிவேட்டில் இது குவாட்டர்பேக்கின் பெயரில் ஓர் இன்டர்செப்ஷன், அவ்வளவுதான். தொலைக்காட்சி அவர் தலையில் கைவைத்து நிற்பதைக் காட்டும். வலது ஓரத்தில் தாமதித்த கால் மறுஒளிபரப்பில் வந்தால் உண்டு. ரிசீவர் திரும்பியிருக்க வேண்டுமா, நேராக ஓடியிருக்க வேண்டுமா என்பது பயிற்சியாளர் வகுத்த விதியைப் பொறுத்தது. அந்த விதி அணியின் அறைக்கு வெளியே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆட்டத்தின் ஒவ்வொரு முயற்சியையும் பார்த்து ஒவ்வொரு வீரருக்கும் மதிப்பெண் போடும் புரோ ஃபுட்பால் ஃபோக்கஸ் போன்ற நிறுவனங்களும் இந்த இடத்தில் ஊகித்துத்தான் ஆக வேண்டும். அவர்கள் ஒரு முயற்சிக்கு −2 முதல் +2 வரை அரைப் புள்ளி இடைவெளியில் போட்டு, பின்னர் 100க்கு இத்தனை என்று மாற்றித் தருகிறார்கள். அந்த 100இல் 74 என்ற எண் துல்லியமான அளவைபோலத் தோன்றினாலும், அது பயிற்சி பெற்ற கண்களின் கருத்துகளைக் கூட்டி வந்த எண்தான். அதனால் அது பயனற்றதாகிவிடாது. வெப்பமானி காட்டும் எண்ணைப்போல அதை மேற்கோள் காட்டுவதுதான் பிழை.

சுருக்கமாக: ஒரு முயற்சியின் விளைவு பதினொருவருக்கும் எதிரணிப் பதினொருவருக்கும் பொதுவானது; பதிவேடு அதை ஒருவர் பெயரில் எழுதிவைக்கிறது.

எண்கள் எதைச் சொல்லும்?

ரசிகர்கள் நெடுங்காலமாகக் கையாளும் எண் பாசர் ரேட்டிங். 1973 முதல் லீக் பயன்படுத்தும் இந்த அளவை நான்கு பொருள்களால் ஆனது: எறிந்த பந்துகளில் எத்தனை பிடிக்கப்பட்டன, ஓர் எறிவுக்கு எத்தனை யார்டு, எத்தனை டச் டவுன், எத்தனை இன்டர்செப்ஷன். டச் டவுன் என்பது எதிரணிப் பக்கத்து இறுதிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்த்து 6 புள்ளி பெறுவது. இந்த அளவையின் உச்சம் 158.3 என்ற விசித்திரமான எண். 100 என்று முடிந்திருந்தால் புதியவர்கள் பாதிக் குழப்பத்திலிருந்து தப்பியிருப்பார்கள்.

இதன் குறை, சூழலை அது அறியாதது. 10 யார்டு தேவைப்படும் மூன்றாவது டவுனில் 5 யார்டுக்கு ஒரு பந்தை எறிந்து ரிசீவர் பிடித்துவிட்டால், எறிந்தவருடைய கணக்கில் வெற்றிகரமான ஒரு பாஸ் ஏறிவிடும். அணியோ அடுத்து பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். 1 யார்டு தொலைவில் நிற்பவரிடம் எறிந்த பந்தை அவர் வாங்கி 60 யார்டு ஓடிவிட்டால், அந்த ஓட்டம் முழுவதும் எறிந்தவரின் கணக்கிலும் சேரும். பந்தோடு குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவதாகிய சாக் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இதைச் சரிசெய்ய வந்ததுதான் இன்று எங்கும் அடிபடும் 'எக்ஸ்பெக்டட் பாயின்ட்ஸ் ஆடட்', சுருக்கமாக இ.பி.ஏ. பெயர் பயமுறுத்தினாலும் கருத்து எளிது. முந்தைய ஆயிரக்கணக்கான முயற்சிகளைப் பார்த்து, இன்ன டவுன், இத்தனை யார்டு தேவை, களத்தில் இந்த இடம் என்றால் அந்த அணி சராசரியாக எத்தனை புள்ளி எடுக்கும் என்று முதலில் கணக்கிடுகிறார்கள். ஒரு முயற்சிக்கு முன் இருந்த அந்த எதிர்பார்ப்புக்கும் பின் இருக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வேறுபாடுதான் இ.பி.ஏ. மேலே சொன்ன 5 யார்டு பாஸ் இந்தக் கணக்கில் பெரும்பாலும் நட்டமாகிவிடும்; 2 யார்டு தேவைப்படும் இடத்தில் கிடைத்த 3 யார்டு லாபமாகும்.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. "அவருடைய இ.பி.ஏ." என்று குவாட்டர்பேக்கின் பெயரைச் சேர்த்துச் சொல்லும்போது, மீண்டும் பதினொருவரின் விளைவை ஒருவர் கணக்கில் எழுதுகிறோம். இ.பி.ஏ. அந்தக் குவாட்டர்பேக் ஆடியபோது அணி எப்படி ஆடியது என்பதை நன்றாகச் சொல்லும். அதில் அவர் பங்கு எவ்வளவு என்பதைத் தானாகச் சொல்லாது. ஒரு பருவத்துக்கு 17 ஆட்டங்களே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்கைந்து ஆட்டங்களை வைத்து ஒருவர் முன்னேறிவிட்டார், தேய்ந்துவிட்டார் என்று வரைபடம் போடுவது இந்த ஆட்டத்தில் துணிச்சலான காரியம்.

பந்து வராத இடத்தில் ஆடுபவர்

குவாட்டர்பேக்கிற்காவது இவ்வளவு எண்கள் உண்டு. மற்றவர்களின் நிலை இன்னும் மோசம். ஓக்லாந்து ரைடர்ஸ் அணியின் கார்னர்பேக் நாம்டி அசோமுகா 2006ஆம் பருவத்தில் 8 இன்டர்செப்ஷன் எடுத்தார். அடுத்த மூன்று பருவங்களில் அவர் எடுத்தது ஆண்டுக்கு ஒன்று மட்டுமே. எண்ணை மட்டும் பார்ப்பவர் அவருடைய ஆட்டம் சரிந்துவிட்டது என்றுதான் சொல்வார். உண்மையில் நடந்தது என்னவென்றால், எதிரணிக் குவாட்டர்பேக்குகள் அவர் நிற்கும் பக்கம் பந்து எறிவதையே பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். லீகின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்–புரோ முதல் அணியில் அவர் சேர்க்கப்பட்டது அந்த "சரிந்த" ஆண்டுகளில் ஒன்றான 2008இல். ஒரே ஓர் இன்டர்செப்ஷனோடு.

தடுப்பு வரிசைக்காரருக்கு இதுவும் இல்லை. அவர் தவறு செய்தால்தான் அறிவிப்பாளர் அவர் பெயரைச் சொல்வார். தொலைக்காட்சிக் கோணமும் இதற்கு உடந்தை: பந்தைச் சுற்றியே கேமரா நகர்வதால் களத்தின் பின்பகுதியில் ரிசீவரும் கார்னர்பேக்கும் செய்வது பாதி நேரம் திரையிலேயே இருக்காது. 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கும் ஆல்–22 என்ற பதிவு அணிகளின் கையில் மட்டும் இருந்தது. 2012 முதல்தான் ரசிகர்களும் அதைப் பணம் கட்டிப் பார்க்க முடிந்தது. அந்தப் பதிவைப் பார்க்காமல் ஒரு கார்னர்பேக்கைப் பற்றி உறுதியாகப் பேசுபவரின் பேச்சைச் சற்றுத் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓட்டப்பந்தயமும் ஆட்டமும்

இனி கல்லூரி வீரர்கள். டிராஃப்ட் என்பது கல்லூரியிலிருந்து வருபவர்களை 32 அணிகளும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, மொத்தம் ஏழு சுற்றுகள். 1936இல் இது தொடங்கியபோது முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை; கணிப்பு பொய்ப்பது இந்த ஏற்பாட்டோடு கூடவே பிறந்தது என்று சொல்லலாம்.

டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸ் நகரில் கம்பைன் என்ற உடற்தகுதிச் சோதனை நடக்கும். அதில் புகழ்பெற்றது 40 யார்டு ஓட்டம். 2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ரிசீவர் ஜான் ராஸ் அதை 4.22 வினாடியில் ஓடி அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி அவரை 9ஆவதாக எடுத்தது. அதே ஆண்டு, அதே மாநிலத்தின் கிழக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கூப்பர் கப் 4.62 வினாடி எடுத்தார். ரிசீவருக்கு அது மந்தமான ஓட்டம். அவர் 69ஆவதாகப் போனார். ராஸ் முதல் பருவத்தில் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. பின்னரும் காயங்களுக்கிடையில் அந்த இடத்துக்குரிய ஆட்டம் அவரிடம் அமையவில்லை. கப் 2021இல் 145 பந்துகள், 1,947 யார்டு, 16 டச் டவுன் என்று மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்து, அந்தப் பருவத்தின் சூப்பர் போல் இறுதியாட்டத்திலும் சிறந்த வீரரானார்.

ஏன் இப்படி? குவாட்டர்பேக்கின் கையிலிருந்து பந்து பெரும்பாலும் மூன்று வினாடிக்குள் வெளியேறிவிடுகிறது. அந்த நேரத்துக்குள் ரிசீவர் தம்மை ஒட்டி நிற்பவரிடமிருந்து ஓரிரு யார்டு விலகி நின்றாக வேண்டும். அதற்குத் தேவையானவை முதல் இரண்டு மூன்று அடிகள், எதிரியை ஏமாற்றும் தோளசைவு, ஓட்டத்தின் நடுவே வேகத்தைச் சட்டென்று குறைத்துத் திரும்பும் திறன், தற்காப்பைப் படிக்கும் அறிவு ஆகியவை. கம்பைனில் எதிரில் யாரும் இல்லை, தோள்கவசம் இல்லை, நேர்கோடுதான் பாதை. வேகம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. மிகவும் மந்தமானவர்களை நீக்க அது உதவும். வடிகட்டியை வரிசைப்பட்டியலாகப் பயன்படுத்துவதில்தான் தவறு நேர்கிறது.

ரசிகர்கள் பார்க்கவே முடியாத ஒன்றும் இருக்கிறது: மருத்துவ அறிக்கை. 2006இல் தோள்பட்டைக் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த குவாட்டர்பேக் டுரூ பிரீஸை மயாமி, நியூ ஆர்லியன்ஸ் ஆகிய இரு அணிகளும் ஆராய்ந்தன. மயாமியின் மருத்துவர்களுக்கு அந்தத் தோளில் நம்பிக்கை வரவில்லை. நியூ ஆர்லியன்ஸ் துணிந்தது, அவரோடு நான்காவது பருவத்தில் சூப்பர் போல் வென்றது. டிராஃப்ட் இரவில் ஒரு வீரர் எதிர்பாராமல் கீழே இறங்கும்போது, இத்தகைய ஓர் அறிக்கை பின்னால் இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

இந்தப் பகுதியில் நினைவில் கொள்ள வேண்டியது: கம்பைன் உடலை அளக்கிறது, ஆட்டப்பதிவு ஆட்டத்தைக் காட்டுகிறது, மருத்துவ அறிக்கை அணியிடமே தங்கிவிடுகிறது. ரசிகருக்குக் கிடைப்பது முதல் இரண்டு மட்டுமே.

இடம் மாறினால்

தொடக்கத்தில் சொன்ன ஐவரிடம் திரும்புவோம். ஆலனுக்குக் குறி இல்லை என்றவர்கள் வெறும் வாயால் சொல்லவில்லை. வயோமிங் பல்கலைக்கழகத்தில் அவர் எறிந்த பந்துகளில் 56 விழுக்காடுதான் பிடிக்கப்பட்டன. பஃபலோ அணியில் முதல் பருவத்தில் 52.8. அடுத்த பருவம் 58.8, அதற்கடுத்த 2020இல் 69.2. இடையில் அவர் தமது எறியும் முறையைத் திருத்திக்கொண்டார். தலைமைப் பயிற்சியாளர் மாறாமல் இருந்தார். 2020இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற தேர்ந்த ரிசீவரை அணி கொண்டுவந்தது. இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் இயலாது.

டார்னால்டின் கதை இன்னும் பாடமானது. நியூயார்க் ஜெட்ஸில் மூன்று ஆண்டுகள்; அதில் கடைசி ஆண்டு அணி, அப்போது பருவத்துக்கு இருந்த 16 ஆட்டங்களில் 2இல்தான் வென்றது. அங்கிருந்து கரோலினா, பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் மாற்று வீரர். "தோற்றுப்போன முதலீடு" என்ற முத்திரை விழுந்த பிறகு, 2024இல் மின்னசோட்டாவில் கெவின் ஓ'கானல் பயிற்சியில், ஜஸ்டின் ஜெஃபர்சன் ரிசீவராக இருக்க, 4,319 யார்டும் 35 டச் டவுனும் எடுத்தார். அணி 17 ஆட்டங்களில் 14இல் வென்றது. அதே பருவத்தின் பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்று ஆட்டத்தில் தடுப்பு வரிசை உடைந்து, அவர் 9 முறை சாக் செய்யப்பட்டார். அணி தோற்றது, அவரை விடுத்தது, சியாட்டில் அமர்த்திக்கொண்டது. அவர் மாறினாரா, இடம் மாறியதா என்று ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும்போது அந்தக் கேள்விக்குத் தனி விடை கிடையாது.

இத்தகைய கதைகளிலிருந்து ஒரு தவறான பாடமும் பிறக்கிறது. குறி தவறி எறியும் ஒவ்வோர் இளைஞருக்கும் "ஆலனைப் பாருங்கள்" என்று வக்காலத்து வாங்குகிறார்கள்; பின்னாளில் லீகின் தலைசிறந்த குவாட்டர்பேக்காகப் போற்றப்பட்ட டாம் பிரேடி 2000இல் 199ஆவதாகத்தானே போனார், டிராஃப்டே குருட்டு அதிர்ஷ்டம் என்கிறார்கள். ஆலனைப்போலத் தொடங்கி மீளாமல் போனவர்களின் பெயர் நினைவில் இல்லாததால்தான் ஆலன் பெயர் உடனே வருகிறது. ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்டு ஓரிரு ஆண்டில் காணாமல் போனவர்கள் ஏராளம், பிரேடி ஒருவர். லீகில் நிலைப்பவர்களின் விகிதம் முதல் சுற்றில் மிக உயர்ந்தும் பின்சுற்றுகளில் மிகத் தாழ்ந்தும் இருக்கிறது. ஆகவே அணிகள் குருடர்கள் அல்லர். ஒரே இடத்தில் ஆடுபவர்களில் அடுத்தடுத்துத் தேர்வாகும் இருவரில் யார் மேல் என்று சொல்வதில் மட்டும் அவர்களின் திறமை நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேலானது. பொருளியலாளர்கள் கேட் மாஸியும் ரிச்சர்டு தேலரும் டிராஃப்டை ஆராய்ந்து காட்டியது இதைத்தான்.

விலையைச் சேர்க்காத மதிப்பீடு

மேலே பிரித்துவைத்த மூன்றாவது கேள்வியை ரசிகர்கள் மறப்பதுதான் எனக்கு வியப்பு. 2010இல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம்; அதில் 5 கோடி உறுதித் தொகை. அடுத்த ஆண்டு புதுமுக வீரர்களின் ஊதியத்துக்கு வரம்பு வந்தது. 2011இல் முதலாவதாகத் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2.2 கோடிதான். ஓர் அணி ஆண்டுக்கு மொத்தம் இவ்வளவுதான் ஊதியம் தரலாம் என்ற சம்பள உச்சவரம்பு இருப்பதால், புதுமுகம் ஒருவர் மலிவாக நன்றாக ஆடினால் மிஞ்சும் பணத்தில் மற்ற இடங்களுக்கு ஆள் சேர்க்கலாம்.

பிராக் பர்டி பற்றிய விவாதத்தை இதோடு வைத்துப் பாருங்கள். 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவதாக, சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தவர், இரண்டாம் பருவத்திலேயே அணியைச் சூப்பர் போல் வரை கொண்டுசென்றார். அவர் உயர்தர வீரரா, கைல் ஷனஹான் என்ற பயிற்சியாளரின் ஏற்பாட்டில் ஆடும் சாதாரண ஆளா என்று இரண்டாண்டாகச் சண்டை நடந்தது. அப்போது அவருடைய ஊதியம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கும் குறைவு. அந்த விலைக்கு அவர் ஏற்பாட்டின் ஆளாகவே இருந்தாலும் லீகின் மிகச் சிறந்த பேரங்களில் ஒன்று. இரு தரப்பும் இதில் மோத வேண்டிய தேவையே இருக்கவில்லை. 2025 மே மாதம் அவர் ஐந்து ஆண்டுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டார். சராசரி ஆண்டுக்கு 5.3 கோடி, அந்த ஆண்டு 53 வீரர்கள் கொண்ட முழு அணிக்கும் லீக் வகுத்த வரம்பு 27.92 கோடி. சுற்றி நிற்பவர்கள் மெலிந்தாலும் அவரே அணியைத் தூக்கி நிறுத்துவாரா என்ற கேள்வி, ரசிகர்கள் முதலில் கேட்டபோது வெறும் வாதமாக இருந்தது. இப்போதுதான் அது சான் பிரான்சிஸ்கோவின் கணக்குப் புத்தகத்துக்குள் வந்திருக்கிறது.